பழைய பதிப்பில் தெரிந்த முகம்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருடங்கள் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு இன்டர்நெட் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி காசு கொடுத்து மென்பொருள் வாங்கவே மாட்டார். இலவசம் என்பதால் எல்லாக் கணினியிலும் லினக்ஸ்தான். அதோடு மல்லுக்கட்டுவது என் தலைவிதி.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா ஒருநாள் வந்தார். மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள்.

"போன்ல எப்பவும் நல்லா இருக்கேன்னுதான் சொல்றா தம்பி. கொரலு சரியில்ல. மொகத்தப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மகளை வெளியே விடுவார்களாம். அங்கே ஒரு கடையில் கமெரா உண்டாம். அந்த வெள்ளிக்கு வரச் சொன்னேன்.

அன்று காலை முகம் பார்த்துப் பேசும் மென்பொருளைப் போடப் போனால், அது இன்னொரு மென்பொருள் தொகுப்பின் புதிய பதிப்பைக் கேட்டது. அதை இறக்கினால் அதற்கு வேறொன்று வேண்டுமாம். அந்த வேறொன்றைப் புதுப்பித்தால் பிரின்டர் படுத்துவிடும். எது எதை நம்பி இருக்கிறது, எதற்கு எந்தப் பதிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வேலைக்குப் போகாமல் வெள்ளெனவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தம்பி செய்யுது?"

"ஒன்னப் போட்டா இன்னொன்னக் கேக்குதும்மா."

"எங்க தோட்டம் மாதிரியே இருக்கே. லீவு கேட்டா கணக்கப்புள்ள தனக்கு மேல இருக்குற கண்டாக்கையாவக் கேளுங்கிறாரு. அவரு தொரையக் கேளுங்கிறாரு."

அத்தனை எரிச்சலிலும் சிரித்துவிட்டேன். கடைசியில் புதியதைக் கைகழுவிவிட்டு, எங்களிடம் இருந்தவற்றோடு ஒத்துப்போகும் பழைய பதிப்பைத் தேடிப் போட்டேன். கமெரா வேலை செய்தது.

நிமிர்ந்தால் கடை நிறைய ஆள். தோட்டத்தில் ஒருவர் வெளிநாட்டுக்குப் பேசக் கிளம்பினால் அவர் குடியிருக்கும் லயத்து வரிசை முழுக்கக் கூட வரும். மாமா, சித்தி, பக்கத்துக் காம்பராக்காரர்கள் என்று வேன் பிடித்து வந்திருந்தார்கள். எல்லாம் பாசம்தான், மறுக்கவில்லை.

மகள் திரையில் வந்தாள்.

"என்னாடி, வெள்ளையாயிட்ட!" என்று கத்தினார்கள்.

"நான் நல்லா இருக்கேன். நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. படம்தான் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இணைப்பு சரியாகத்தான் இருந்தது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை பேர் முன்னால் அந்தப் பிள்ளை எதைச் சொல்வாள்?

"எல்லாரும் வெளிய போங்க! மெசின் சூடாகுது!" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். நானும் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.

வெகுநேரம் கழித்து அம்மா வெளியே வந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கா" என்றார்.

அவர்கள் சந்தோஷமாக வேனை நோக்கி நடந்தார்கள். அவர் மட்டும் பின்தங்கி, என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, புள்ளையத் திருப்பிக் கூட்டிட்டு வரணும்னா மொதல்ல யாரப் போய்ப் பாக்கணும்?"