புன்னை மரத்தில் தொங்கிய சீட்டு

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எனக்கு நட்சத்திரம், தோஷம் எதிலுமே நம்பிக்கை கிடையாது. இருந்திருந்தால் பெற்ற மகளின் நட்சத்திரத்தையே மாற்றிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்திருக்குமா, சொல்லுங்கள்!

கவிதா பிறந்தது ஆயில்யம். அவள் அப்பா இருந்தபோது சொன்னது அவ்வளவுதான், ஜாதகமெல்லாம் நாங்கள் எழுதவில்லை. ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று மூன்று வரன்கள் தட்டிப் போயின. மூன்றாவது வீட்டார் வாட்ஸ்அப்பிலேயே முடித்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொங்கோலிலிருந்து நான்காவது வரன் வந்தபோது, முந்தைய நாள் பூசம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று பூசம் என்றே சொல்லிவிட்டேன். கவிதா முதலில் முறைத்தாள், பையனைப் பிடித்துப் போனதும் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

நிச்சயம் முடிந்த பிறகு பையனின் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"சம்பந்தி, கிராஞ்சில நட்சத்திர வனம் திறந்திருக்காங்க லா. தேக்காவுல இருந்து வேன் விடுறாங்க. பிள்ளைங்க பேரு, நட்சத்திரம் எழுதி மரத்துல சீட்டு கட்டிட்டு வந்துடலாம்."

கவிதாவுக்கு அன்று வேலை. நாங்கள் இருவர் மட்டும் போனோம். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் இருபத்தேழு மரம், ஒவ்வொன்றின் முன்னாலும் செல்பி எடுக்கும் கூட்டம். நான் ‘கவிதா, பூசம்’ என்று எழுதி, அந்தம்மா பார்க்கப் பார்க்க அரச மரத்தில் மஞ்சள் நூலால் கட்டினேன். பட்டப்பகல், நல்ல வெயில்.

பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது. ஆயில்யத்துக்கான புன்னை மரத்தடியில் அந்தம்மா நின்றுவிட்டார்.

"இது உங்க கையெழுத்துத்தானே?"

‘கவிதா, ஆயில்யம், மூன்றாம் பாதம்.’ ‘தா’வின் காலை நீட்டி இழுத்து எழுதுவது நான்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் எழுதவே இல்லை. அரச மரத்துக்கு ஓடினேன். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது, நூலில் சீட்டு இல்லை.

"அப்ப ஆயில்யமா?" என்று பின்னால் வந்து கேட்டார். நான் அந்த வெறும் நூலையே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேனில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம் பையன் கவிதாவுக்கே போன் செய்து எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டான்.

அவள் அழவில்லை. நான் கொண்டுவந்த சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நீதான எழுதி மாட்டின? உன் ஹேண்ட்ரைட்டிங் எனக்குத் தெரியாதா? நான் போயிட்டா தெம்பனிஸ் வீட்ல தனியா கிடக்கணும்னு பயம் உனக்கு. அவ்ளோதான்மா."

எத்தனை சாமி மேல் சத்தியம் செய்திருப்பேன்! கேட்டாளா? அந்த வாரமே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

புன்னையிலிருந்து பிய்த்துவந்த சீட்டு என் கைப்பையில்தான் இருக்கிறது. பாதம் என்னவென்று அன்றுவரை எனக்கே தெரியாது, பிறகு எப்படி எழுதியிருப்பேன்? போன மாதம் மனசு கேட்காமல், கவிதா பிறந்த நேரத்தை எடுத்துக்கொண்டு தேக்காவில் ஒரு ஜோசியரிடம் போனேன்.

"ஆயில்யம், மூணாம் பாதம்மா" என்றார் அவர். "மாமியாருக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது, சும்மா பயப்படுறாங்க. இந்தப் பாதம் பெத்த அம்மாவுக்குத்தான் ஆகாது."

காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கவிதா இப்போது உட்லண்ட்ஸில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். என் போனை அவள் எடுத்து ஏழு மாதமாகிறது.