சுவர்ப் பக்கத்துக் கைப்பிடி

ஒருமுறை யோசித்து முடித்த ஒன்றை, மறுபடி யோசிக்காமல் எத்தனை முறை பயன்படுத்தலாம்? சின்னவளின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பேனாவைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் பொறியாளரைக் கேளுங்க" என்று சொல்லியிருப்பாள்.

சின்னவள் என்பது அக்கா கூப்பிடும் பெயர். வீட்டு வசதி அலுவலகத்தில் அவளை டிரேசர் என்பார்கள். பொறியாளர்கள் பென்சிலில் போட்டுக் கொடுப்பதன் மேல் மெல்லிய தாளை விரித்து, மையால் கோடு கோடாக நகல் எடுப்பது அவள் வேலை. அலுவலகத்தின் பின்னறையில் தகரக் குழாய்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரித் தாள் சுருண்டு கிடக்கும். நாலு மாடிக் குடியிருப்புக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று. எங்காவது புது நிலம் கிடைத்தால் குழாயைத் திறந்து தாளை எடுப்பார்கள். இடத்தின் பெயரை மாற்றுவார்கள், வடக்கு காட்டும் அம்புக்குறியைத் திருப்புவார்கள். வீடு மாறாது. இருபது வருடம் முன்பு யாரோ ஒருவர் அடுப்புக்கு மேல் எங்கே ஜன்னல் என்று யோசித்திருந்தால், இன்று ஆயிரம் அடுப்புக்கு மேல் அங்கேதான் ஜன்னல்.

இதில் தவறு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை. தவறு என்று சொல்லிவிடவும் முடியாது. ஒவ்வொரு வீட்டையும் புதிதாக யோசிக்கத் தொடங்கினால் பாதிப் பேருக்கு வீடே வந்திருக்காது.

அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஏழாம் எண் மாதிரியை எடுத்து மேசையில் விரித்தார் ஒரு இளம் பொறியாளர். மாடிப்படியைப் பென்சிலால் தட்டினார்.

"சுவர்ப் பக்கமும் எதுக்கும்மா ஒரு கைப்பிடி? உள்பக்கம் ஒண்ணு இருக்கே, போதாதா? இதை எடுத்தா அகலத்தைத் தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்துடலாம்."

"இந்த ஒரு கட்டிடத்துக்கு மட்டுமா சார்?"

"மாதிரியிலேயே எடுத்துடு. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் தனியா மண்டையை உடைச்சுக்க வேண்டாம் பாரு."

தாளில் காய்ந்த மையை அழிக்க ரப்பர் உதவாது. பாதி பிளேடால் மெதுவாகச் சுரண்ட வேண்டும்; அழுத்தினால் தாள் கிழியும். சுவரை ஒட்டி ஓடிய அந்தக் கோட்டை அவள் அரை மணி நேரம் சுரண்டினாள். வெள்ளைத் தூளை ஊதித் தள்ளினாள். பிறகு படியைப் பதினைந்து சென்டிமீட்டர் குறுக்கி வரைந்தாள். வேலை சுத்தமாக இருந்தது.

பாதியில் திரும்பி ஏறும் படி என்பதால், இரு பக்கமும் சேர்த்துக் கட்டிடத்துக்கு முப்பது சென்டிமீட்டர் மிச்சம். ஒட்டி ஒட்டி நாற்பது கட்டிடம் நிற்கிற வரிசையில் அது பன்னிரண்டு மீட்டர். இன்னொரு கட்டிடத்துக்கு இடம். வரிசைக்கு நாற்பத்தொன்று ஆனது.

அந்த நாற்பத்தொன்றாவதில்தான் அவளுக்கும் அக்காவுக்கும் வீடு கிடைத்தது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் ஒன்பது வருடம் காத்திருந்தவர்கள். பட்டியலில் அவர்கள் எண் கடைசியிலிருந்து மூன்றாவது. இரண்டாம் வரிசை, கடைசிக் கட்டிடம், மூன்றாம் மாடி. கோடு அழியாமல் இருந்திருந்தால் அந்தச் சுவர்களே இருந்திருக்காது. குடி வந்த நாளில் சின்னவள் இதை அக்காவிடம் கதையாகச் சொன்னாள்.

"அப்போ இது நீ கட்டின வீடு" என்றாள் அக்கா. "எங்கே, அந்தப் படத்துல உன் பேரு எங்கடி இருக்கு?"

"டிரேசர் பேரெல்லாம் போட மாட்டாங்கக்கா. பொறியாளர் கையெழுத்து மட்டும்தான்."

"நல்ல வேலை. ஒழுகினா உன்னைத் திட்ட மாட்டாங்க."

அக்கா அப்படித்தான். அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போனபோது அவளுக்குப் பதினேழு, சின்னவளுக்கு ஆறு. பெண் பார்க்க வந்தவர்களிடம், "தங்கச்சியும் கூட வருவா, தட்டு ரெண்டு வைக்கணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு வருவதும் நின்றது. தெருமுனையில் ஒரு தையல் கடை வைத்தாள். பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பாள். அட்டையில் வெட்டிய அளவு மாதிரிகள் அவளிடமும் ஆணியில் தொங்கின. ஆனால் அட்டையைத் துணியில் வைப்பதற்கு முன்னால், எதிரில் நிற்கும் பிள்ளையின் தோளை ஒருமுறை கையால் அளந்து பார்ப்பாள்.

"ஒரே அளவுல நூறு சட்டை தைச்சா தொண்ணூறு பேர் கையை மடிச்சு விட்டுக்கிறான்" என்பாள். "உன் வீட்டை எப்படிடி மடிக்கிறது?"

குடி வந்து இருபத்தொரு வருடம் கழித்து, கடையில் பட்டன் கட்டிக்கொண்டிருந்த அக்கா சரிந்தாள். பக்கவாதம். இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தாள். இடது காலை இழுத்து இழுத்து வைக்க முடிந்தது. இடது கை மட்டும் எதையும் பிடிக்கவில்லை.

வீடு திரும்பிய அன்று தூக்கிப் போகிறோம் என்று வந்தவர்களை விரட்டிவிட்டு, வலது கையால் கைப்பிடியைப் பற்றி, ஐம்பத்து நாலு படியையும் ஏறினாள். நடுவில் ஏழு முறை உட்கார்ந்தாள். வாசலில் அக்கம்பக்கத்தார் கைதட்டினார்கள். "சும்மா இருங்க, கீழே கேக்கப் போகுது" என்று அவள் வெட்கப்பட்டதைச் சின்னவள் அன்றுதான் முதலில் பார்த்தாள்.

மறுவாரம் மருத்துவரிடம் காட்ட இறங்க வேண்டும். அக்கா படியின் உச்சியில் வந்து நின்றாள். கைப்பிடி இடது பக்கம் இருந்தது. வலது பக்கம் வெறும் சுவர். உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். அது வழுக்கியது.

அங்கே நின்றபோதுதான் சின்னவளுக்குத் தாள் நினைவுக்கு வந்தது. முதல் வரிசைக்குப் படம் நேராக இருந்தது. இறங்கும்போது கைப்பிடி வலப்பக்கம். எதிர் வரிசைக்கும் சாக்கடைக் குழாய்கள் கிழக்கிலேயே வர வேண்டும் என்பதால், தாளை அப்படியே குப்புறத் திருப்பிப் போட்டு நகல் எடுத்தார்கள். அவள்தான் எடுத்தாள். மெல்லிய தாளில் பின்புறமும் கோடு தெரியும்; எழுத்துகளை மட்டும் நேராக எழுதிக்கொண்டால் போதும். வலம் இடமானது. இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்திருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். ஒன்றே ஒன்று இருக்கும்போது அப்படியில்லை.

அன்று நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். தொண்ணூறு சென்டிமீட்டர் திருப்பத்தில் நாற்காலி திரும்பவில்லை. சாய்த்தார்கள்.

"அலமாரியைத் தூக்குற மாதிரி தூக்காதீங்கப்பா. நான் ஆளு" என்றாள் அக்கா. அதன் பிறகு நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். மாத்திரை மட்டும் மேலே வந்தது.

முதல் வரிசையில் இரண்டாம் மாடிக்காரர் ஒருவர், பேருந்து ஓட்டுநர், வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று தானாகவே வந்து சொன்னார். அக்கா கண்ணை மூடி, கையைக் காற்றில் வைத்துக் கணக்குப் போட்டாள்.

"அங்க போனா இறங்குவேன், ஏற மாட்டேன். இங்க ஏறுவேன், இறங்க மாட்டேன். நடுத்தெருவுல கட்டில் போட்டுடுங்க தம்பி, ரெண்டு வரிசைக்கும் பொதுவா."

அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் போய்விட்டார். படியே ஏற வேண்டாத கீழ்வீடு இரண்டில் ஒன்றில் இருதய நோயாளி, மற்றதில் முழங்கால் மடங்காதவர். அவர்களிடம் கேட்க வாய் வரவில்லை.

சுவர்ப் பக்கம் ஒரு கைப்பிடி பொருத்த அனுமதி கேட்டுச் சின்னவள் மனுக் கொடுத்தாள். மனு மூன்று மேசை சுற்றி, மாதிரித் தாளோடு ஒப்பிட்டுக் குறிப்பு எழுதுவதற்காக அவள் மேசைக்கே வந்தது. 'மாதிரியில் இல்லை' என்று அவளே எழுதினாள். வேறு என்ன எழுத முடியும்? இல்லைதான்.

அன்றைய இளம் பொறியாளர் இப்போது அலுவலகத் தலைவர். அறைக்குக் கூப்பிட்டார்.

"சுவர்ல கைப்பிடி வந்தா படி எண்பத்திரண்டு ஆயிடும்மா. தொண்ணூறுக்குக் கீழ போனா தீயணைப்புத் துறை விடாது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும் சார்."

"உன் ஒருத்திக்கு விட்டேன்னா நாலு வரிசையில நூத்தி அறுபத்து நாலு கட்டிடத்துலயும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே சார். வேணும்னுதானே கேப்பாங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மனுவை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அக்கா ஜன்னலுக்கு வந்து சேர்ந்தாள். தெருமுனைக் கடை அங்கிருந்து பாதிதான் தெரியும். அக்கா படுத்த பிறகு அதை வாடகைக்கு எடுத்தவள் கதவைத் திறப்பதும் மூடுவதும் தெரியும். "பாரு, பத்து மணிக்குத் திறக்குறா. அதுக்குள்ள நான் நாலு காலர் முடிச்சிருப்பேன்." அவளுக்குத் தைக்க வேண்டும் என்றில்லை. கடையில் உட்கார்ந்து தப்பு சொன்னால் போதும். எட்டு மாதத்தில் அந்தத் திட்டும் குறைந்தது. சாப்பாட்டையும் பாதியில் தள்ளிவைத்தாள்.

ஒரு மத்தியானம் சின்னவள் அலுவலகத்தில் ஏழாம் எண் தாளை எடுத்து விரித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். படியைத் திருப்ப முடியாது, அது கான்கிரீட். ஆளைத் திருப்பலாம். அக்கா மேலே பார்த்தபடி, பின்னோக்கி இறங்கினால் கைப்பிடி வலது கைக்கு வந்துவிடும்.

"பின்னாலயா?" என்றாள் அக்கா. "நான் என்னடி நண்டா?"

"நண்டு பக்கவாட்டுல போகும்க்கா."

"எதுவோ. முன்னால போ, பார்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினார்கள். சின்னவள் இரண்டு படி கீழே நின்று, அக்காவின் இடது காலைப் பிடித்து அடுத்த படியில் வைப்பாள். முதல் ஞாயிறு ஒன்பது படி. ஆறாவது ஞாயிறு ஐம்பத்து நாலும். அக்கா தெருவைக் கடந்து கடைக்குப் போனாள், வாடகைக்காரியின் காலர் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "இது காலரா, காதா?" என்று கேட்டாள். திரும்பி ஏறும்போது மூன்று முறைதான் உட்கார்ந்தாள். அன்று தட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. தனியாக இறங்கக் கூடாது. அதற்கான காரணத்தைச் சின்னவள் சொல்லவில்லை. அவளுக்கே அது சரியாகத் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கை தானாக அக்காவின் இடுப்புக்குப் போனது, அவ்வளவுதான். வரைபடத்தில் கைப்பிடி ஒரே கோடு, மேலிருந்து கீழ்வரை பேனாவை எடுக்காமல் வரைந்தது. கட்டிடத்தில் திருப்பத்தில் ஒரு கம்பி முடிந்து அடுத்தது தொடங்க ஒரு சாண் இடைவெளி. முன்னோக்கி நடப்பவர் அதைக் கவனிப்பதே இல்லை. பின்னோக்கி வருபவரின் ஒற்றைக் கை அந்த ஒரு சாணுக்கு எதையும் பிடித்திருக்காது.

சின்னவள் வேலைக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, கடை திறக்கவில்லை என்று ஜன்னலிலிருந்து பார்த்த அக்கா, தனியாக இறங்கினாள். மூன்று திருப்பம் தாண்டியிருந்தாள். நாலாவதில் விழுந்தாள். மூன்று நாள் நினைவு திரும்பாமலே போய்ச் சேர்ந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அதே படியில்தான் ஏறி வந்தார்கள். "இவ்வளவு தூரம் தனியா இறங்கியிருக்காளே, என்ன தைரியம்" என்றார் கீழ்வீட்டு முழங்கால்காரர். சின்னவள் தலையை ஆட்டினாள். பின்னோக்கி இறங்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டைச் சுரண்டச் சொன்ன வாய் ஒன்று இருந்தது. தாளைத் திருப்பிய கைக்கும், நண்டு என்று சிரிக்கவைத்த வாய்க்கும் அவளைத் தவிர வேறு யாரையும் காட்ட முடியாது.

ஐந்து மாதம் கழித்து ஊருக்கு வெளியே புது நிலம் ஒதுக்கினார்கள். நாலு வரிசை. ஏழாம் எண் மாதிரி. தலைவர் தாமே குழாயைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். அவர் வரும் வழக்கமில்லை.

"அந்தக் கோட்டைத் திரும்பப் போட்டுடும்மா" என்றார். "ரெண்டு பக்கமும் கைப்பிடி, நூத்தி அஞ்சு அகலம். நான் கையெழுத்துப் போடறேன். மேல கேட்டா நான் பேசிக்கறேன்."

"வரிசைக்கு நாற்பதுதான் வரும் சார்."

"வரட்டும்."

"நாலு கட்டிடம், முப்பத்திரண்டு வீடு குறையும்."

"தெரியும்மா. நீயே முடிவு பண்ணு. உனக்குத்தான் அந்த உரிமை இருக்கு."

உரிமை என்ற சொல் அவளை என்ன செய்தது என்று முகத்தில் தெரியவில்லை. காத்திருப்போர் பட்டியலின் நகல் அவள் இழுப்பறையில் இருந்தது. கடைசி முப்பத்திரண்டு பெயர்கள் இருந்த பக்கத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்ததாக அடுத்த மேசைக்காரர் பிறகு சொன்னார். பார்த்தாளா, வெறுமனே திறந்து வைத்திருந்தாளா என்று அவருக்கும் உறுதியில்லை.

அந்த மாதிரித் தாளிலேயே மூன்று நாள் வேலை செய்தாள். நாலாம் நாள் காலை, தாளைத் தலைவரின் மேசையில் விரித்து நாலு மூலையிலும் எடை வைத்தாள்.

அவர் முதலில் படியைத்தான் பார்த்தார். தொண்ணூறு சென்டிமீட்டர். உள்பக்கம் ஒரே கைப்பிடி. சுவர்ப் பக்கம் வெறுமையாக இருந்தது. கோட்டைச் சுரண்டிய இடத்தில் தாள் இன்னும் மங்கலாக இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

பிறகுதான் தாளின் வலது கீழ் மூலை அவர் கண்ணில் பட்டது. 'வரைந்தவர்' என்ற கட்டத்தில், அந்த அலுவலகத்தில் எந்த டிரேசரும் எழுதாத இடத்தில், அவள் தன் முழுப் பெயரையும் மையால் எழுதியிருந்தாள்.