ஓணத்துக்காகப் பூட்டி வைத்த ஏலக்காய்

மகளை வயிற்றுவலிக்குக் காட்டத் தேனி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த கணவர் காலை ஒன்பது இருபதுக்குப் போன் செய்தார். "பிள்ளைக்குக் குடல்வால் வெடிக்கிற மாதிரி இருக்காம். உடனே ஆபரேசன். முன்பணம் கட்டச் சொல்றாக, அனுப்பு."

போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. ஓணத்துக்கு விலை ஏறும் என்று நம்பி, கையிலிருந்த பணத்தோடு என் நகையையும் அடகு வைத்துச் சரக்கு வாங்கிக் குடோனை நிறைத்திருந்தோம். "இப்ப விக்க வேணாம்" என்று பிடிவாதம் பிடித்தவள் பி.காம். படித்த நான்தான். வங்கிக் கணக்கில் ஆயிரம் ரூபாய்கூட இல்லை. தெரிந்த வியாபாரிகளை அழைத்தேன். "சரக்கை எடுத்துக்கிறோம், பணம் அடுத்த வாரம்" என்றார்கள். மூட்டைகளுக்கு நடுவே நின்று அடுத்தடுத்த எண்ணாக அழுத்திக்கொண்டிருந்தேன்.

மகள் பிழைத்துவிட்டாள். ஆனாலும் போன் அடித்தால் எனக்கு இன்னும் பதறுகிறது. இப்போதெல்லாம் விலை எப்படி இருந்தாலும் வாராவாரம் கொஞ்சம் விற்று, அவசரத்துக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்ட பிறகே புதுச் சரக்கு எடுக்கிறோம்.

அன்று கடைசியில் விஷயம் கேள்விப்பட்டு வந்தவர், விலை விஷயத்தில் எங்களோடு எப்போதும் மல்லுக்கட்டும் எதிர்க்கடை பாய். இரண்டு மூட்டையை அன்றைய விலைக்கே வாங்கி, என் கண்ணெதிரே ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பினார். என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டுச் சொன்னார்: "ஏலக்காய் ஓணம் வரைக்கும் காத்திருக்கும்த்தா. பிள்ளை வயிறு காத்திருக்குமா? போ, போ!"