அத்தையை மலையிறக்கப் போன கதை

பட்டாசு லோடு இறக்கிப் பத்து நாள் ஆகியும் போகாத கந்தக வாசனையில் மழை ஈரம் கலந்தால், தீக்குச்சியைக் கிழித்து இட்லிச் சட்டிக்குள் போட்டு மூடியதுபோல ஒரு நெடி வரும். எங்கள் ஊரான சிவகாசியில் அதை "மருந்து வாடை" என்போம். நான் பத்து வயதில் முதன்முதலாக மலையேறியது அந்த வாடையோடுதான். ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேனில், டிரைவர் பால்பாண்டி மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில், கியர் கம்பி முழங்காலில் இடிக்க இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

போன காரியம் ஜெயமணி அத்தையை அழைத்து வருவது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. போடிக்கு மேலே, பஸ் போகாத ஒரு நெல் விளையும் மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்துப் போனவர், "ஒரு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, மாறுதல் வாங்கிரலாம்" என்று அப்பா சொல்லி அனுப்பியவர், மூன்று வருடமாகியும் மாறுதல் கேட்டு விண்ணப்பமே போடவில்லை. இதற்கிடையில் சாத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வியாழக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். கடிதம் போட்டால், "இப்போ வேண்டாம் அண்ணே, வயல் வேலை கிடக்கு" என்று பதில் வந்தது. டீச்சருக்கு என்ன வயல் வேலை என்று யாருக்கும் விளங்கவில்லை. அதே கடிதத்தின் கடைசி வரியில், "நீங்க வர்றதா இருந்தா கோடையில வாங்க, மழைக்காலத்துல இங்க அட்டை ஜாஸ்தி" என்றும் எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரிதான் அப்பாவைக் கிளப்பியது. அப்பாவுக்கு ஓர் அச்சகத்தில் பைண்டிங் மேஸ்திரி வேலை. காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. ஊர் முழுக்க காலண்டர் அட்டைக்குத் தட்டுப்பாடு. ஆர்டரை வைத்துக்கொண்டு முதலாளிமார் அட்டைக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். மூன்று நாள் லீவு கேட்டால் வேலையை விட்டே போகச் சொல்லும் நேரத்தில், அப்பா கடிதத்தைக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டி, "மலையில அட்டை மில்லு வந்திருக்கு போல அண்ணாச்சி, பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்ல, லீவோடு சேர்த்து வெற்றிலை பாக்கும் கொடுத்து அனுப்பினார்களாம். மாதிரி காட்டுவதற்காக, வெவ்வேறு கனத்தில் நறுக்கிய நாலைந்து அட்டைத் துண்டுகளும், ஊர்க்காரர்களுக்குக் கொடுக்க இரண்டு கட்டு புது வருடக் காலண்டரும் வேனில் ஏறின.

என்னைக் கூட்டிப் போனது அம்மாவின் யோசனை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்மாவுக்கு லீவு இல்லை. "ஒங்க தங்கச்சி ஒங்க பேச்சுக்கு மசிய மாட்டாக. பிள்ளை அழுதா எறங்கி வந்துருவாக" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "அத்தை, நம்ம வீட்டுக்கு வாங்க" என்று சொல்லி முடிக்கும்போது சரியாகக் கண்ணீர் விழும்படி இரண்டு நாள் பழக்கினார். "வாங்க" என்ற இடத்தில் உதடு துடிக்க வேண்டும். நான் நன்றாகவே தேறியிருந்தேன்.

ஆண்டிபட்டி தாண்டியதும் மழை பிடித்தது. பால்பாண்டி மாமாவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் ரோடு அத்துப்படி. ஆனால் மழையிலும் மலையிலும் அதுவரை வண்டி ஓட்டியதில்லை என்பதை அவர் மலையடிவாரத்தில்தான் சொன்னார். அங்கே இருந்த சோதனைச் சாவடியில், வேனின் மூன்று பக்கமும் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்த "வெடிபொருள் - ஜாக்கிரதை"யைப் பார்த்துவிட்டு இரண்டு காவலர்கள் தள்ளி நின்றபடியே கேட்டார்கள்: "உள்ள என்ன இருக்கு?"

"இட்லி சார்" என்றார் பால்பாண்டி மாமா.

அதை நம்ப அவர்களுக்கு அரைமணி நேரம் பிடித்தது. நம்பிய பிறகு ஆளுக்கு நாலு சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அப்பா "ஏசப்பா" என்பார்; பால்பாண்டி மாமா "இருக்கன்குடி ஆத்தா" என்பார். பத்து வளைவு வரைக்கும் இது ஒழுங்காகத்தான் நடந்தது. பதினோராவது வளைவில் சேறு வழுக்கி, வேன் தானாக ஒரு பக்கம் திரும்பி, முன்சக்கரம் பள்ளத்தின் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றபோது, "ஆத்தா!" என்று கத்தியவர் அப்பா, "ஏசுவே!" என்று கத்தியவர் பால்பாண்டி மாமா. கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் அந்த நேரத்துக்குத் தேவையான காரியத்தைச் செய்தேன்; காலையில் சாப்பிட்டதையெல்லாம் அப்பாவின் வெள்ளை வேட்டியில் வாந்தி எடுத்தேன்.

சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்தோம். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள், ஒவ்வொன்றிலும் பழுத்த நெல் மழையில் தலை தொங்கி நின்றது. எங்கள் பக்கம் நெல் என்றால் கடையில் சாக்கில் இருக்கும் அரிசிதான். அது இப்படி நனைந்துகொண்டு நிற்கும் என்று எனக்குத் தெரியாது. வேனைப் பார்த்ததும் ஊரே திரண்டு ஓடி வந்தது. அத்தைக்குப் பக்கத்து வயல்காரரான செல்லாண்டி என்பவர் வேன் எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, "டீச்சரோட அண்ணன் வெடி கொண்டாந்துட்டாகய்யா! இனிமே பன்னி கிட்ட வராது!" என்று கூவினார். ராத்திரியானால் காட்டுப்பன்றிகள் இறங்கி விளைந்த நெல்லை நாசம் பண்ணுகின்றனவாம். பின்கதவைத் திறந்து பார்த்தார்கள். காலண்டர் இருந்தது. அவ்வளவு பேர் முகம் ஒரே நேரத்தில் வாடியதை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. செல்லாண்டி மட்டும் மரியாதைக்கு ஒன்றை வாங்கி விரித்துப் பார்த்து, "படம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அப்புறம்தான் அத்தை வந்தார். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, கையில் அரிவாளோடு. அப்பாவுக்கு அடையாளமே தெரியவில்லை. "என்ன ஜெயா கோலம் இது?" என்றார். அத்தை கீழே குனிந்து, அப்பாவின் கெண்டைக்காலில் கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றை உப்பு வைத்து உதறிவிட்டு, "அட்டைண்ணே. எழுதியிருந்தேன்ல?" என்றார்.

அப்பா கையிலிருந்த மாதிரித் துண்டுகளை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் மழை விட்டு வெயில் அடித்தது. விடிந்ததும் விடியாததுமாக ஊர் மொத்தமும் வயலில் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு மழை பெய்தால் சாய்ந்த கதிரெல்லாம் தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும் என்றார்கள். செல்லாண்டியின் வயலில் ஒரு துண்டை, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு வாங்கி அத்தையே பயிர் வைத்திருந்தார். அப்பா வரப்பின் மேல் நடந்துகொண்டே பேசினார். அத்தை அறுத்துக்கொண்டே கேட்டார்.

"சாத்தூர்ல சொந்த வீடு. பையன் நல்ல பையன்."

"சரிண்ணே. அந்தக் கட்டை எடுத்துக் குடுங்க."

"வியாழக்கிழமை வர்றாக. நாளைக்காலையில நாம இங்கன இருந்து கிளம்பணும்."

"கிளம்பிட்டா இத யாரு அறுப்பா? நான் நட்டதுண்ணே. என் கையால நட்டது." அத்தை அப்போதுதான் நிமிர்ந்தார். "கீழ நான் ஒங்க தங்கச்சி. நாளைக்கு யாருக்காவது பொண்டாட்டி. இங்கன எனக்கு டீச்சருன்னு பேரு இருக்கு. அம்புட்டுத்தான், வேற ஒண்ணுமில்ல."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் முன்னால் போய் நின்றேன், அத்தையின் முந்தானையைப் பிடித்தேன், உதடு சரியான இடத்தில் துடித்தது, கண்ணீரும் வந்துவிட்டது. ஆனால் வாய் மட்டும், "அத்தை, நானும் இங்கனயே இருந்துக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டது.

அப்பா தலையில் கை வைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி வயலில் இறங்கினார். கோபத்தில் இறங்கினாரா, வேறு வழியில்லாமல் இறங்கினாரா தெரியாது. அரிவாள் அவருக்கு ஒத்துவரவில்லை, முதல் பிடியிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் கட்டுக் கட்டுவதற்கு வந்தாரே, அங்கேதான் இருபது வருடத்துப் பைண்டிங் மேஸ்திரி வெளியே வந்தார். கதிர்களை அள்ளி, அடியைத் தரையில் தட்டி, பக்கவாட்டில் தட்டி, காலண்டர் கட்டுவதுபோல மூலை சரிபார்த்து, முறுக்கிய வைக்கோலால் இறுக்கி ஒரு முடிச்சு. ஊரே கைகொட்டிச் சிரித்தது; "சிவகாசிக் கட்டு" என்று பேர் வைத்தார்கள். ஆனால் செங்குத்தான பாதையில் களத்துக்குச் சுமந்து போனபோது மற்றக் கட்டுகள் அவிழ்ந்து சிதற, அப்பா கட்டியது ஒன்றுகூட அவிழவில்லை. மத்தியானத்துக்குள், "அண்ணாச்சி, இங்க ஒரு கட்டு", "அண்ணாச்சி, அங்கன வாங்க" என்று எல்லா வயலிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் சம்பள நாளில்கூடக் கண்டதில்லை.

பொழுது சாயும் நேரம், அறுக்காமல் மிச்சமிருந்த வயல்களை நோக்கிப் பன்றிக்கூட்டம் காட்டோரத்தில் தலைகாட்டியது. வெடி இல்லை. தட்டை அடித்தார்கள், கத்தினார்கள்; அவை நகரவில்லை. பால்பாண்டி மாமா ஓடிப்போய் வேன் விளக்கைப் போட்டு, ஹாரனில் கையை வைத்தார். மலை முழுக்க எதிரொலித்தது. பன்றிகள் திரும்பி ஓடின, கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தன, மறுபடி ஹாரன்.

"அண்ணாச்சி, இதுக்கு மேல அமுக்குனா பேட்டரி போயிரும். காலையில கிளம்ப முடியாது" என்றார் பால்பாண்டி மாமா.

அப்பா, கட்டைச் சுமந்துகொண்டு களத்துக்கு ஏறிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தார். "அமுக்குலே" என்றார். "நல்லா அமுக்கு."

காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. தள்ளிவிட்டுக் கிளப்பலாமென்றால் சேற்றில் சக்கரம் புதைந்திருந்தது. வெள்ளிக்கிழமைதான் கீழே இறங்கினோம், அத்தை இல்லாமல். வியாழக்கிழமை வந்த சாத்தூர்க்காரர்களுக்கு அம்மா தனியாகக் காபி கொடுத்து அனுப்பியிருந்தார். அம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார்: "பேட்டரி போயிருச்சு. நான் என்ன செய்ய?" சாகும்வரை அந்தப் பதிலை அவர் மாற்றவில்லை. அத்தை பிறகு, போடித் தபாலாபீசில் வேலை பார்த்த ஒருவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு, ஓய்வு பெறும்வரை மலையிலேயே இருந்தார்.

போன ஐப்பசியில் அத்தையைக் காரில் கூட்டிக்கொண்டு அங்கே போய் வந்தேன். தார் ரோடு ஊர் வாசல்வரை போகிறது. நெல் அடியோடு போய்விட்டது. படிப்படியான வயல்களில் இப்போது பூண்டும் காரட்டும். அரிசி ரேஷன் கடையிலிருந்து வருகிறதாம். அத்தையின் துண்டு வயலை அரைமணி நேரம் தேடிக் கண்டுபிடித்தோம். அதில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "டீச்சர்!" என்று கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தார். நலம் விசாரிக்கவில்லை.

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

அவள் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். ஏழேழு நாற்பத்தொன்பது வரைக்கும் சரியாக வந்தது. ஏழெட்டில் நின்றுவிட்டாள். வரப்பில் போனை நோண்டிக்கொண்டிருந்த அவள் மகள் பதிலைச் சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மாயிரு" என்றார் அத்தை. "அவ சொல்லட்டும்."

தூறல் போட ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம்.