பஞ்சில் ஏறிய கறுப்பு

கடலூர் சலித்துப்போய்ச் சிதம்பரத்தில் பாலிஷ் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு டிரைவர் முதலாளியின் கறுப்புக் காரைக் கொண்டுவந்தார். தினமும் காய்ந்த துணியால் தூசி துடைத்ததில் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்கள். அவை போகாவிட்டால் தன் வேலை போய்விடும் என்றார்.

கெட்டியான பெயிண்ட். இரண்டு முறை மெஷினை ஓட்டியும் வெயிலில் கீறல் சிலந்தி வலைபோல் தெரிந்தது.

"இன்னும் அழுத்து மச்சான், சோறு போடுற வண்டி" என்றார் டிரைவர்.

அழுத்தினேன். பானெட் ஓரம் தொட முடியாமல் சுட்டது. மெஷினைத் தூக்கினேன். அதன் வெள்ளைப் பஞ்சு கறுத்திருந்தது. நிறத்தின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சு தேய்ந்து, அடியிலுள்ள பெயிண்டே கழன்று வந்தால்தான் அப்படி ஆகும்.

அவர் எட்டிப் பார்த்தார். "யப்பா, எவ்ளோ அழுக்கு வருது! உடாத, ஓட்டு."

மெஷினை அணைத்துவிட்டுச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் போனில் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"புதுசு மாதிரி ஆயிடுச்சி சார். நீங்களே வந்து பாருங்க."