நாலு கம்பி பாஸ்கல்

பாஸ்கல் டீ குடிக்கும்போது இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்தான் இருக்கும். பக்கத்து ஆள் பேப்பரில் ஒரு தாளை நீட்டினால் வலது கையாலேயே வாங்கி, தொடைமேல் போட்டுப் படிப்பார். கொரட்டூர் ஸ்டேஷன் டீக்கடையில் இதைப் பார்த்து, ஆள் திமிர் பிடித்தவர் என்று நினைப்பவர்கள் உண்டு. திமிராவது ஒன்றாவது! அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்க்கும் பட்டறையில், பிரஸ் மிஷின் அந்தக் கையின் மோதிர விரலில் மேல் கணுவைத் தின்றுவிட்டது. அதை யாரும் பார்க்கக் கூடாது. பாட்டுக்காரர்கள் பார்க்கவே கூடாது.

பயம் அவருக்குக் கூடப்பிறந்தது. கதவைப் பூட்டிவிட்டு, பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மழை பெய்தால் ஏரி உடைந்துவிடுமோ என்பார். பெய்யாவிட்டால் குழாயில் தண்ணீர் நின்றுவிடுமோ என்பார். "இந்தாளு மோட்சத்துக்குப் போனாக்கூட ஏணி ஆடுதான்னு பாத்துட்டுதான் ஏறுவாரு" என்பாள் மனைவி சகாயமேரி. கட்டிக்கொண்ட நாளாகப் பார்க்கிறவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் பயமே அறியாத பாஸ்கல் ஒருவரும் இருந்தார். எண்பதுகளில், 'லேக்சைடு எக்கோஸ்' மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசித்த பாஸ்கல். பெல்ஸ் பேன்ட், காலரில் புரளும் முடி. டிரம்ஸ், உயிர்த் தோழர் சுலைமான். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை, மாதா கோயில் திருவிழாவானாலும் அம்மன் கோயில் ஆடிக் கூழானாலும், டிஸ்கோ பாட்டு என்றால் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே சொந்தச் சரக்காக ஒரு பாட்டு வைத்திருந்தார்கள். அதில் சொல் கொஞ்சம்தான். மீதியெல்லாம் நாலு கம்பியில் பாஸ்கல் ஓட்டுகிற ஓட்டம். அது கிளம்பிவிட்டால் கமிட்டிப் பெரியவர்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

தொண்ணூறு பிறந்ததும் புதுமாதிரி கீபோர்டு வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் டிரம்ஸ், இன்னொன்றை அமுக்கினால் பேஸ். பத்துப் பேர் குழு மூன்று பேர் குழுவானது. "மிஷினுக்கு பிரியாணி வாங்கித் தர வாணாம் பாரு" என்று சொல்லிவிட்டு, சுலைமான் ஐயப்பன்தாங்கல் டிப்போவில் கண்டக்டராகப் போனார். பாஸ்கல் பட்டறைக்குப் போனார். கிதார் பரணுக்குப் போனது.

போன வருடம் ஆட்டோக்களில் திடீரென்று அந்தப் பாட்டு கேட்கத் தொடங்கியது. என்றோ ஒரு திருவிழாவில் யாரோ பதிவு செய்த கேசட், நகலுக்கு நகல் எடுத்து ஊர் சுற்றிவந்திருக்கிறது. ஆவடிப் பக்கத்துக் கோவில்பதாகைப் பிள்ளைகள் சிலர் அதில் சொக்கிப்போய், அதே மாதிரி ஒரு குழுவே கட்டிவிட்டார்கள். தலைமை ஜெயசீலி, கோயில் பாடற்குழுவில் ஆர்கன் வாசிக்கும் பெண். விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அங்கிள், மாதா திருவிழாவுல தேர் பவனி முடிஞ்சதும் நம்ம கச்சேரி. உங்க பாட்டுதான் மொதல்ல. நீங்களே வந்து வாசிக்கணும்."

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாக்கலாம்மா" என்றார், கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே.

கிதாரை இறக்கி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பார்த்தார். பழைய வேகத்துக்கு விரல் வரவில்லை. மோதிர விரல் அழுத்த வேண்டிய இடத்துக்குச் சுண்டு விரல் போய்ச் சேர்வதற்குள் தாளம் தாண்டிப்போனது. மறுபடி, மறுபடி, அதே கதை.

"முடியாதுன்னு சொல்ட்டு வந்துருயா. இன்னா, தலையா பூடும்?" என்றாள் சகாயமேரி.

"இன்னொரு தபா எவன் மேரி என்னெ கூப்புடுவான்?"



ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் ஒத்திகை. கிதாரைத் தூக்கிக்கொண்டு, தைரியத்துக்குச் சுலைமானையும் இழுத்துக்கொண்டு போனார். முதலில் நாங்கள் வாசித்துக் காட்டுகிறோம் என்று பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். பாஸ்கலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாட்டு அதுதான், ஆனால் ஓட்டம் இல்லை. சுருதி அரைக் கட்டை கீழே இறங்கி, ஆற அமர அசைந்து வந்தது. அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எந்தக் கடையிலோ பெல்ட் தளர்ந்த டெக்கில் கேசட்டை ஓடவிட்டு நகல் எடுத்திருக்கிறார்கள். அந்த இழுவையையே பிள்ளைகள் ஸ்டைல் என்று எண்ணி, அச்சுப் பிசகாமல் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

சுலைமான் அவர் காதருகே குனிந்தார். "இன்னா மாமே, எழவு ஊட்டுக்குப் போறா மாரி வாசிக்குதுங்க?"

வாசித்து முடித்த ஜெயசீலி, ஆவலாய் நிமிர்ந்தாள். "கேசட்டுல கீற மாதிரியே கத்துகினோம் அங்கிள். இந்த ஸ்பீடுதானே? தப்புன்னா சொல்லுங்க, மாத்திக்கிறோம்."

மண்டபமே பாஸ்கலின் வாயைப் பார்த்தது. ஆமாம் என்றால், தான் பெற்ற பாட்டைத் தானே நொண்டியாக்கிய பாவம். இல்லை என்றால், எங்கே, வாசித்துக் காட்டுங்கள் என்பார்கள். இந்த இழுவையில் சுண்டு விரலுக்கு நேரம் இருக்கிறது. வாசித்துவிடலாம். மேடையில் நிற்கலாம். பாவி மனம் கணக்குப் போட்டது.

"தப்புன்னு நான் சொல்ட்டா?" என்றார் சுலைமான், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

பாஸ்கல் அவர் பக்கம் திரும்பவில்லை. கிதாரை மடியில் சாய்த்துக்கொண்டு, கம்பி முறுக்கும் ஆணியைப் பிடித்து, பிள்ளைகள் வாசித்த சுருதிக்கு முதல் கம்பியை அரைக் கட்டை தளர்த்தினார். பிறகு அடுத்த கம்பியில் கை வைத்தார்.