நான்காவது பக்கம்

மதியம் இரண்டு பத்து. என் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலில் அந்த நேரம் இன்னும் அழியாமல் இருக்கிறது. நம்பாதவர்களுக்குக் காட்டுவேன். அதைத் தவிர, இது நடந்தது என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரு காலி டப்பாதான்.

நான் மரச் சாமான்களுக்கு பாலிஷ் போடுபவன். மச்சினன் தச்சன். அவன் செய்வான், நான் மெருகேற்றுவேன்.

அப்போது நாங்கள் வேலை செய்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். பழைய ரோமானியர்களுடையதைப் போல ஒரு சாப்பாட்டு அறை வேண்டும் என்று படம் வரைந்து கொடுத்தார். நடுவில் மூன்று கால் வட்ட மேசை. ஒவ்வொரு காலும் சிங்கப் பாதத்தில் முடியும். மேசையைச் சுற்றி மூன்று பக்கமும் நீள மஞ்சங்கள். நாற்காலி கிடையாது.

"படுத்துக்கிட்டா சாப்பிடுவாங்க, சார்?" என்று மச்சினன் கேட்டான்.

"இடது முழங்கைய ஊன்றிச் சாய்ஞ்சுக்கணும். வலது கையால சாப்பிடணும்."

"நாலாவது பக்கம் ஏன் சும்மா கிடக்கு?"

"அது பரிமாறுறவங்க நிக்கிற இடம்."

மச்சினன் என் காதருகே வந்தான். "மாமா, இப்படிப் படுத்துக்கிட்டு அக்காகிட்ட ஒரு நாள் சோறு கேட்டுப் பாருங்களேன்."

அறைக்கு ஜன்னல் இல்லை. கூரையில் பதித்த கண்ணாடி வழியாகத்தான் வெளிச்சம். அன்றைக்குக் கடைசிப் பூச்சு. பேராசிரியரும் மனைவியும் பல் டாக்டரிடம் போயிருந்தார்கள். வர ஆறு மணியாகும்.

பூச்சு காயும்வரை கதவைத் திறக்கக் கூடாது. தூசு ஒட்டும். சொன்னாலும் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அதனால் எனக்கு ஒரு பழக்கம். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், கைக்குக் கிடைத்த சாமானை நகர்த்தி முட்டுக்கொடுத்துவிடுவேன். வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் செய்வேன். கை பழகிவிட்டது. அன்று கதவை ஒட்டி இருந்த மஞ்சத்தை முழங்காலால் ஒரு சாண் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போய்க் கதவில் நின்றது. அவ்வளவு லேசு.

ஒரு மணிக்கு ஆரம்பித்தேன். என் முகமூடியின் வடிகட்டி இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் மூடிய அறையில் அந்த வாடையைச் சுவாசித்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு முறை ஆகியிருக்கிறது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வந்து பயனிருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மேசையைக் கடைசியாக முடித்தேன். இரண்டு ஐந்து. வெளியேறுவதற்காக மஞ்சத்தை இழுத்தேன்.

வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தேன். சுவரில் காலை ஊன்றி இழுத்தேன். தரையோடு சேர்த்துக் கட்டியதைப் போல நின்றது.

இரண்டு பத்துக்கு மச்சினனை அழைத்தேன்.

"மாப்ள, கதவுப் பக்கத்து மஞ்சம் நகர மாட்டேங்குது."

"அதை நான் ஒத்தக் கையால தூக்கினேன் மாமா. காலைல சாப்பிட்டீங்களா?"

"விளையாடாத. உள்ள மாட்டிக்கிட்டேன். மூணு மணிக்கு மேல தாங்காது."

சிரிப்பு நின்றது. "நான் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கேன். வந்து சேர நாலாயிடும். கிளம்பிட்டேன்."

இரண்டு இருபத்திரண்டு. சரக்.

மெத்தைகள் எல்லாம் புதிது. பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கதவுப் பக்கத்து மஞ்சத்தின் உறை அசைந்தது. மெத்தையில் ஒரு பள்ளம். முழங்கை அளவு. அமுங்கியது எழும்பவில்லை. யாரோ ஊன்றிக்கொண்டே இருப்பதைப் போல...

சரக். பக்கத்தில் இன்னொன்று.

பிறகு எதிர் மஞ்சத்தில் இரண்டு. நடு மஞ்சத்தில் இரண்டு. எண்ணினேன். ஆறு. எல்லாம் இடது முழங்கை ஊன்றும் பக்கம்.

கதவை எட்டிக் குத்தினேன். கத்தினேன். முகமூடிக்குள் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

இரண்டு நாற்பத்தொன்று. டொக். டொக்.

மேசையில்.

ஈரப் பூச்சில் விரல் தடங்கள். என்னுடையவை இல்லை. ஓரத்தைச் சுற்றி ஆறு இடங்களில் இருந்தன. ஓரிடத்தில் மட்டும் மிகச் சின்ன விரல்கள்.

டொக். டொக். டொக். கோபமாக இல்லை. காத்திருப்பவர்கள் தட்டுவதைப் போல.

முகமூடிக்குள் வாடை வரத் தொடங்கியது. தலை கனத்தது. அப்போதுதான் கவனித்தேன். நான் நின்றுகொண்டிருந்தது நான்காவது பக்கம்.

மூலையில் என் சாப்பாட்டு டப்பா இருந்தது. நான்கு துண்டு ரொட்டி. இரண்டு அவித்த முட்டை. ஓடுகூட உரிக்கவில்லை.

திறந்து மேசைமேல் வைத்தேன்.

தட்டுவது நின்றது.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

சரக்... சரக்...

டப்பாவின் விளிம்பு மேசையில் உரசியது.

பிறகு ஒரு சின்ன நொறுங்கும் சத்தம்.

முட்டை ஓடு...

மூன்று ஒன்று. எந்தச் சத்தமும் இல்லை.

திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி மஞ்சத்தை இழுத்தேன்.

வந்தது. ஒற்றைக் கையில்.

வாசலில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு மச்சினன் வந்தான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு டப்பாவோடு திரும்பினான்.

"என்ன மாமா, ஈரத்துல இப்படிக் கை வச்சிருக்கீங்க? வேலைக்குப் புதுசா?"

டப்பா காலி. ஒரு துணுக்கு இல்லை. ஓடும் இல்லை.

அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கதவை அகலத் திறந்துவைத்து, அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மேசைக்கு இன்னொரு பூச்சு கொடுத்தேன். தூசு ஒட்டினால் ஒட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவனே ஆரம்பித்தான்.

"அந்த மஞ்சத்துக்கெல்லாம் மரம் எங்க எடுத்தேன் தெரியுமா? ஒரு கிடங்கோட கதவு. பெரிய ரெட்டைக் கதவு. உள்பக்கம் பூரா கீறல். நாய் கீறினதுன்னு நினைச்சு அந்தப் பக்கத்தை அடியில திருப்பி வச்சேன்."

"ம்."

"நாய் இல்லையாம் மாமா. நேத்து மரக்கடைக்காரர் சொல்றார். அந்தக் காலத்துல ஏதோ பெரிய வீடு. எதையோ திருடிட்டாங்கன்னு வேலைக்காரக் குடும்பத்தை உள்ள வச்சுப் பூட்டிட்டு, ஊருக்குப் போயிட்டாங்களாம். திரும்பி வர ரொம்ப நாளாயிடுச்சாம்."

"ஆறு பேரா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "உங்களுக்கு யார் சொன்னது?"

"நீ மேல சொல்லு, மாப்ள."

"திறந்தப்ப எல்லாரும் ஒரு காலித் தட்டைச் சுத்திச் சாய்ஞ்சு கிடந்தாங்களாம். கடைசிக் குழந்தைக்கு மூணு வயசு."

என் கைப்பேசி அடித்தது. பேராசிரியரின் மனைவி. மணி இரண்டு பத்து.

"தம்பி, அந்த ரூம் கதவு திறக்க மாட்டேங்குது. சார் உள்ள இருக்கார். சாப்பிடக்கூடப் போகல, சும்மா தூங்கத்தான் வெறுங்கையோட போனார். முதல்ல கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். இப்ப சத்தமே இல்ல. உள்ள யாரோ டொக்கு டொக்குன்னு மேசையைத் தட்டுறாங்க... நீங்களும் மாட்டிக்கிட்டீங்கன்னு உங்க மச்சினன் சொன்னாரே. அன்னைக்கு எப்படித் திறந்தீங்க, தம்பி?"